வலி என்னும் காவற்காரன்

(வேப்பூரில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே உள்ளவர். "ஐயா, வாரத்தில் நாலு நாள் காலையில் டென்னிஸ் ஆடுகிறேன். ஆறு மாதமாக வலது முழங்கால் வலிக்கிறது. வீட்டில் அடியோடு விட்டுவிடச் சொல்கிறார்கள். கூட ஆடுகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஆடச் சொல்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் இன்று பேசப் போகிறேன். டென்னிஸ் நம் பக்கத்தில் எல்லாரும் ஆடுகிற ஆட்டம் அல்ல. ஆனால் முழங்கால் எல்லாருக்கும் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கும், சேற்றில் நின்று நாற்று நடுகிற தாய்மாருக்கும், மாடிப்படி ஏறி வகுப்பெடுக்கிற ஆசிரியருக்கும் இதே கேள்வி உண்டு. நான் மருத்துவன் அல்ல. எலும்பு மருத்துவரிடமும் பிசியோதெரபி பிரிவினரிடமும் கேட்டும் படித்தும் அறிந்ததை மூன்று பகுதியாகச் சொல்கிறேன்.

முதலாவது, வலி எதற்காக இருக்கிறது?

வேப்பூரிலிருந்து மேற்கே சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போகிற சாலை உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம், சேலத்துக்குத் தென்கிழக்கே இருப்பது கொல்லிமலை. அங்கே மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணிசெய்ய வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் திறந்து கொடுத்தவர் அவர். அந்நாட்களில், தொழுநோய் வந்தால் விரலும் பாதமும் தானாகவே அழுகி விழுந்துவிடும் என்று பலர் நம்பியிருந்தார்கள். பிராண்ட் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதும் வலி போய்விடுகிறது. வலி போனபின் அந்த மனிதர் முள் தைத்த பாதத்தோடு நாள் முழுவதும் நடக்கிறார். கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார். கையையும் காலையும் தின்றது பெரும்பாலும் நோய் அல்ல, வலியில்லாமைதான். வலி ஒரு ஈவு என்பதை விளக்கி அவர் பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993-ல் ஒரு நூலே வெளியிட்டார்.

இதை நம் டென்னிஸ் சகோதரருக்குப் பொருத்திப் பாருங்கள். வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுக் கோர்ட்டில் இறங்குகிறவர் ஒரு மணி நேரத்துக்குத் தம் காவற்காரனைத் தாமே தூங்கவைக்கிறார். முழங்காலுக்குள் நடக்கிறது அவருக்குத் தெரியாது. அதோடு இந்த மாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது மிகவும் ஆபத்து. வலி தாங்கவில்லையானால், மேலே தடவுகிற வலி களிம்பு முதியவர்களுக்கு விழுங்குகிற மாத்திரையைவிடப் பத்திரமானது. அதையும் மருத்துவரைக் கேட்டே தடவுங்கள்.

வீட்டார் சொன்னதாவது சரியா? அதுவும் பாதிதான் சரி. காவற்காரன் கூப்பிட்டான் என்பதற்காக வீட்டையே காலி செய்துவிட்டு ஓடுகிறவன் உண்டா? நம் மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற நீர்தான் அதற்கு ஆகாரம். நடக்கும்போது அழுந்தியும் விடுபட்டும், பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல அது அந்த நீரை உறிஞ்சுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிற மூட்டு. தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலுக்கு விழுகிற அடியைத் தாங்குகிறது. காலை நீட்டிப் படுத்தே கிடந்தால் சில வாரங்களிலேயே அந்தத் தசை மெலிந்துவிடும். பிறகு எழுந்து நடக்கிறபோது அடி முழுவதும் மூட்டின்மேலேயே விழும். வலி கூடும், மறுபடியும் படுப்போம். எடை ஏறும், சர்க்கரை ஏறும், காலையில் சிரித்துப் பேச நாலு பேர் இல்லாமல் போவார்கள். வார்டுகளில் இந்தச் சுழலில் விழுந்தவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

இரண்டாவது, காவற்காரன் என்ன சொல்லுகிறான் என்று எப்படி அறிவது?

டென்னிஸ் நேராக ஓடுகிற ஆட்டம் அல்ல. ஓடி, சட்டென்று நின்று, ஊன்றின காலின்மேலேயே உடம்பைத் திருப்பி, உடனே பக்கவாட்டில் பாய வேண்டும். ஆகையால் வலி எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள். சில்லைச் சுற்றி முன்பக்கம் வலித்து, படி இறங்கும்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் கூடினால், சில்லுக்கும் தொடையெலும்புக்கும் நடுவே உரசல் இருக்கலாம். சில்லுக்குக் கீழே ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால் அது தசைநாணின் வலி. குதித்து ஆடுகிறவர்களுக்கு வருவது. மூட்டின் உட்பக்கம் வலித்து, காலைத் திருப்பும்போது சுருக்கென்றால் மெனிஸ்கஸ் என்கிற பிறை வடிவக் குருத்தெலும்பில் கிழிசல் இருக்கலாம், அல்லது வயதினால் வருகிற மூட்டுத் தேய்மானம் இருக்கலாம். எது என்று முடிவு சொல்வது மருத்துவரின் வேலை.

தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. அடிபட்ட சில மணி நேரத்திலேயே மூட்டு வீங்கினால், கால் மடங்கினபடியே பூட்டிக்கொண்டால், நடக்கும்போது முழங்கால் நழுவி விட்டுக்கொடுத்தால், நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் அன்றே போங்கள். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் இரவானாலும் போங்கள்.

இவை ஒன்றும் இல்லையென்றால், பிசியோதெரபி பிரிவினர் சொல்லும் ஒரு எளிய அளவுகோல் உண்டு. ஆடும்போது லேசான வலி இருக்கலாம். ஆனால் மறுநாள் காலை எழும்போது முழங்கால் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் நேற்றுச் செய்தது உங்கள் காலுக்குத் தகும். வலியோ வீக்கமோ கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். இந்த ஒன்றை மாத்திரம் இன்று வீட்டுக்குக் கொண்டுபோனாலும் போதும்.

இந்த இடத்தில் ஸ்கேனைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்கால் வலித்தால் உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, "கிழிந்திருக்கிறது" என்ற அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கலங்குகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில், நடுவயதினரும் முதியவருமான பொதுமக்களைப் பொறுக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு அதற்கு முந்தின மாதத்தில் முழங்காலில் வலியே இல்லை. தலை நரைப்பதுபோல உள்ளேயும் சில மாற்றங்கள் வரும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அறுவை சிகிச்சையைப் பற்றிய ஒரு ஆய்வும் உண்டு. 2002-ல் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர்கள், தேய்மான வலியுள்ள 180 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்களுக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவுவதும் சுத்தம் செய்வதுமான சிகிச்சை நடந்தது. மூன்றாம் குழுவுக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்து அனுப்பினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், கீறல் மட்டும் பெற்றவர்களைவிட மற்றவர்கள் மேலாக இல்லை. மூட்டில் அடிக்கடி போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் போட்டவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை. குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. இதனால் அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டிக்கொண்ட மூட்டுக்கும், நடக்கவே முடியாதபடி தேய்ந்த மூட்டுக்கும் அது பெரிய உதவி. ஆனால் பெரும்பாலோருக்கு அது முதல் படி அல்ல.

பெரிய ஆட்டக்காரர்களின் கதையும் அப்படித்தான். நோவாக் ஜோகோவிச் 2024 ஜூனில் பாரீசில் மெனிஸ்கஸ் கிழிந்து அறுவை செய்துகொண்டார். அடுத்த மாதமே விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஆடினார். ரோஜர் ஃபெடரர் 2020-ல் இரண்டு முறையும் 2021-ல் ஒரு முறையும் முழங்காலில் அறுவை செய்துகொண்டும், 2022-ல் ஆட்டத்தை விட்டு விலகவேண்டியதாயிற்று. ஒரே ஆட்டந்தான், ஆனால் ஒருவர் மூட்டு மற்றொருவர் மூட்டு அல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்தது நமக்கும் ஆகும் என்று எண்ணாதிருங்கள்.

மூன்றாவது, நாம் செய்யக்கூடியது என்ன?

முதலில் தசையைப் பலப்படுத்துங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலின்கீழ் வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்தி விடுங்கள், பத்து முறை. அடுத்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்து, மற்றக் காலை மடக்காமல் ஒரு முழ உயரம் தூக்கி மெதுவாக இறக்குங்கள், பத்து முறை. அடுத்து, நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருங்கள், பத்து முறை. வலி தணியத் தணிய, தாழ்ந்த படி ஒன்றில் ஏறி இறங்குவதையும், சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவில்லாத மருந்து இது. ஆனால் ஒரு வாரத்தில் பலன் தேடாதீர்கள். மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

இரண்டாவதாக எடை. பருமனாக இருந்து மூட்டுத் தேய்மானமும் உள்ள முதியவர்களை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட கணக்கின்படி, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவதாக ஆட்டத்தை மாற்றுங்கள். நாலு நாளை இரண்டு நாளாக்கி நடுவில் இடைவெளி விடுங்கள். ஒற்றையரை விட்டு இரட்டையர் ஆடுங்கள். ஓட வேண்டிய பரப்பு குறையும். இறங்குமுன் பத்து நிமிடம் நடந்து, உடம்பு சூடேறின பிறகே ராக்கெட்டைத் தூக்குங்கள். சிமெண்ட் கோர்ட்டைவிட மண் கோர்ட் நல்லது. கால் சற்றே சறுக்கி நிற்பதால் அதிர்ச்சி குறையும். ஓட்டத்துக்கான காலணி பக்கவாட்டில் தாங்காது. டென்னிசுக்கென்று செய்த காலணியை வாங்குங்கள். முழங்கால் உறை கதகதப்பும் தைரியமும் தரும். தசையின் வேலையை அது செய்யாது.

ஆட்டத்தை மாற்றினால் ஆட்டம் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள் ராமநாதன் கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன நம் தமிழர். பலத்த சர்வீஸினால் பேர் பெற்றவர் அல்ல; மென்மையாகத் தொட்டு, எதிராளி இல்லாத இடத்தில் பந்தை வைக்கிறதே அவருடைய திறமை. 1962-ல் நான்காம் தரவரிசையோடு இறங்கினவர் கணுக்கால் காயத்தால் நடுவிலேயே விலகினார். அத்தனை பெரியவரும் காவற்காரனுக்குச் செவிகொடுத்தார். நம்முடைய ஞாயிற்றுக்கிழமை வாய்ப்பந்தயத்துக்காக நாம் அவனைத் தூங்கவைக்கலாமா?

கடைசியாக ஒன்று. ஆராதனையில் முழங்காற்படியிட முடியவில்லையே என்று வெட்கப்பட்டுப் பின்வரிசையில் ஒதுங்குகிற மூத்தவர்களை எல்லா ஊர் ஆலயங்களிலும் காண்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து தலை குனியுங்கள், அது குறைவு அல்ல. டாக்டர் பிராண்டின் தாயார் ஈவ்லின் அம்மையார், நடை தளர்ந்தபின் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போய்வந்தார். 1974-ல், 95 வயதில் இறந்தார். கால் தளர்ந்தபோது அவர் மாற்றிக்கொண்டது நடக்கிற விதத்தை மாத்திரமே. போகவேண்டிய இடத்தை மாற்றவில்லை.

ஆகவே வலியை அடக்கி ஆடாதிருங்கள், வலிக்கு அஞ்சிப் படுத்துவிடவும் வேண்டாம். காலையில் எழுந்ததும் முழங்கால் என்ன சொல்லுகிறதென்று கேளுங்கள். கேட்டபடி கூட்டுங்கள், குறையுங்கள். நாளைக் காலை பத்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில் தொடங்குங்கள்.