கடைசி இடத்திலிருந்து முதலிடம்

பட்டம் பெறும் செல்வங்களே, வாழ்நாளை டயர் தொழிற்சாலையில் கழித்தவன் நான். டயரைப் பற்றித்தான் பேசுவேன், பொறுத்தருள வேண்டும்.

மார்க்குஸ் விங்கெல்ஹாக் என்ற ஜெர்மானியரைத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் அவர் ஓட்டியது ஒரே ஒரு பந்தயம். 2007 ஜூலை 22, நூர்பர்க்ரிங். அணியின் பெயர் ஸ்பைக்கர். நம் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஓட்டிய ஜோர்டான் அணிதான் கைமாறி ஸ்பைக்கர் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு ஃபோர்ஸ் இந்தியா ஆனது. அன்று 22 கார்களில் விங்கெல்ஹாக்கின் இடம் 22.

மேகம் கறுத்து நிற்கிறது. அணியின் தொழில்நுட்பத் தலைவர் மைக் கேஸ்கோய்ன், பந்தயம் தொடங்கும் முன்பே அவரை டயர் மாற்றும் பிட்டுக்குள் அழைத்து மழை டயரை மாட்டச் சொன்னார். மற்றவர்கள் உலர்தரை டயரில் புறப்பட்டார்கள். முதல் சுற்று முடிவதற்குள் கொட்டியது பாருங்கள், அப்படியொரு மழை! டயருக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வெறும் அலங்காரம். தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது மழை டயரின் ஆழமான பள்ளங்கள்தான். ஹாமில்டன், பட்டன் போன்ற பெரிய ஓட்டுநர்கள் உட்பட ஆறேழு பேர் முதல் வளைவிலேயே சறுக்கிப்போனார்கள். மற்றவர்கள் டயர் மாற்றப் பிட்டுக்குள் ஓட, முன்னணியில் இருந்த ரைக்கோனனையும் தாண்டிய விங்கெல்ஹாக், சுமார் அரை நிமிடம் முன்னே ஓடினார். ஆறு சுற்றுகள் அவரே முதல்வர். பந்தயத்தை நிறுத்தி மறுபடி தொடங்கியபோது வரிசையின் தலையில் நின்றதும் அவர்தான். பிறகு மளமளவென்று பின்தங்கினார். 13-ஆவது சுற்றில் ஹைட்ராலிக்ஸ் பழுதாகி நின்றார். அடுத்த பந்தயத்தில் அந்த இருக்கை வேறொருவருக்குப் போனது.

அதிர்ஷ்டம் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். வானம் 22 பேருக்கும் ஒன்றுதான். முன்வரிசைக்காரர்களுக்கு இடம் பறிபோகுமே என்ற பயம். கடைசி ஆளுக்கு அது இல்லை. கேம்பஸ் தேர்வில் வேலை கிடைக்காதவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

நான் படித்தபோது பேராசிரியர் ஒருவர் மொட்டையான லாரி டயரை வகுப்புக்கே உருட்டி வருவார். பரீட்சைக்கு வராத பாடம் என்று சிரித்தோம். எனக்கு வேலை வாங்கித் தந்தது அந்த டயர்தான்.

விங்கெல்ஹாக்குக்கு ஐந்து வயதிருக்கையில், அவர் தந்தை மான்ஃப்ரெட் கனடாவில் பந்தய விபத்தில் இறந்தார். அப்படியும் மகன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அந்த ஆறு சுற்றுப் பெருமையைப் பேசிக்கொண்டு உட்காரவுமில்லை. அதே நூர்பர்க்ரிங்கின் 24 மணி நேரப் பந்தயத்தை ஆடி காரில், சக ஓட்டுநர்களோடு 2012, 2014, 2017 என மூன்று முறை வென்றார். எனக்கு இதுதான் பெரிய சாதனை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை வருகிறது. வீட்டில் கார் இருந்தால் இன்றே டயரைக் குனிந்து பாருங்கள். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.