நீரிழிவும் பெருங்குடற் புற்றும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் இருவர் சந்திப்பின், க்ஷேமம் விசாரித்த மறுகணமே "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நீரிழிவைக் குலச்சொத்துப்போற் பாவித்து, மாத்திரையொன்றை விழுங்கினாற் போதுமென்று அமைந்திருக்கின்றோம். இவ்வமைதி தகாதென்பதே நாம் இன்று கூறப் புகுவது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ம் ஆண்டில் வெளியான ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேலென்று கணக்கிட்டது. இந்நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்குமென்பதை யாவரும் அறிவர். பெருங்குடலையும் தொடுமென்பதைப் பலர் அறியார். இரண்டாம் வகை நீரிழிவுடையார்க்குப் பெருங்குடற் புற்று உண்டாகும் வாய்ப்பு, அஃதில்லாதாரினும் ஏறக்குறையக் கால் பங்கு மிகுதியென்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

காரணம் யாது? வயிற்றிற் கொழுப்பு மிகுந்தவரிடத்து இன்சுலின் தன் வேலையைச் செவ்வனே செய்யமாட்டாது. அக்குறையை ஈடுசெய்ய உடல் அதனை மேன்மேலும் சுரக்கின்றது. இன்சுலினோ சர்க்கரையை அடக்குவதோடு உயிரணுக்களின் வளர்ச்சியையும் தூண்டுவது. குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு முளைக்கும் அஃது எருவாகக்கூடும். உடற்பருமன் மிகாதிருத்தல் இப்புற்றின் அபாயத்தையும் குறைக்குமென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2016-ல் முடிவு கூறிற்று. மதுபானமும் இப்புற்றுக்குக் காரணமென்பது அந்நிலையத்தாரின் துணிபு.

"எல்லாம் பரம்பரை, நாம் என் செய்வோம்?" என்பாருமுளர். பரம்பரைக்கும் பங்குண்டு, ஆயினும் அதுவே முழுதுமன்று. 2015-ல் வெளியான ஆராய்ச்சியொன்றைக் கேண்மின். ஆப்பிரிக்க வழியினரான அமெரிக்கரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தாரும் இரண்டு வாரம் தத்தம் உணவை மாற்றி உண்டனர். நார்மிகுந்த உணவுண்ட அமெரிக்கரின் குடலில் அழற்சிக் குறிகள் குறைந்தன. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவுண்ட கிராமத்தாரின் குடலில் தீக்குறிகள் பெருகின. இரண்டு வாரத்திலே இம்மாறுதலாயின், ஆயுள் முழுதும் உண்ணும் உணவு என்ன செய்யாது?

இன்னுமொன்று. மலத்தில் இரத்தங் கண்டால் நம்மவர் மூலமென்று தாமே முடிவுசெய்து, நாணத்தால் மறைத்துவிடுகின்றனர். தாய்மார் கணவரிடமும் சொல்வதில்லை. அந்நாணமே உயிரைக் குடிக்கின்றது. குடலில் தோன்றும் முளை புற்றாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பத்தாண்டு வரை செல்லும். அதற்குள் கொலோனாஸ்கோபி சோதனையால் அதனைக் கண்டு களைந்துவிடலாம். இத்தனை நீண்ட தவணை தரும் கொடிய நோய் வேறு சிலவே.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. இல்லந்தோறும் கீரையும் பயறும் கேழ்வரகும் மீண்டும் இலைக்கு வருக. நாடோறும் அரைமணி நேரமேனும் நடக்க. ஆண்டு மகாநாட்டுப் பந்தலில் சர்க்கரை பார்ப்பதுபோல், மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காணும் சோதனைக்கும் நமது சங்கம் ஏற்பாடு செய்க. கலியாணப் பந்தலுக்கு நாம் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும். குலம் தழைப்பது குலத்தார் உயிரோடிருந்தாலன்றோ!