கார் இல்லாதவர் கட்டும் கார் வாடகை

(தேவாரத்தில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் நம் கட்சிப் பேச்சாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஏலத்தோட்ட வேலை முடி�்சு ஜீப்பை விட்டு இறங்கி நேரா இங்க வந்து நிக்கிற சகோதர சகோதரிகளே!

இன்னைக்கு கார் பார்க்கிங் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் முன்வரிசையில ஒரு அம்மா சிரிக்கிறாங்க. "எங்ககிட்ட ஏதுப்பா காரு?"ன்னு கேக்குறாங்க. அம்மா, அதனாலதான் பேசுறேன். கார் இல்லாத நீங்கதான் கார் நிறுத்துற இடத்துக்குக் காசு கட்டுறீங்க.

எப்படின்னு சொல்றேன். விடியறதுக்கு முன்னாடி நீங்க மலையேறுறீங்க. காய் எடுத்துச் சம்பாதிச்ச காசுல பிள்ளையைப் படிக்க வைக்கிறீங்க. பிள்ளை வேலை தேடி சென்னைக்குப் போகுது. இப்ப நம்ம பக்கத்து பஸ்ஸெல்லாம் கிளாம்பாக்கத்தோட சரி. 2023 டிசம்பர் 30-ல் அந்த முனையம் திறந்தாங்க. வேலை இருக்கிறது நகரத்துக்குள்ள. மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல வீடு கேட்டா வாடகை கட்டுப்படியாகல. தூரத்துல ரூம் எடுத்து, போக வரவே பாதி நாள் போயிடுது. மாசக் கடைசியில கை கடிச்சா, இங்கிருந்து நீங்க அனுப்புறீங்க.

வாடகை ஏன் ஏறுது? நிலத்தோட விலை, வட்டி, சிமெண்ட், கம்பின்னு பல காரணம் இருக்கு. மேடையில யாரும் பேசாத காரணம் ஒண்ணு இருக்கு. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அடுக்குமாடி கட்டினா வீட்டோட பரப்பளவுக்கு ஏத்தபடி வண்டி நிறுத்த இடம் விட்டே ஆகணும்னு சொல்லுது. குடிவரப் போறவர்கிட்ட கார் இருக்கா, இல்லையான்னு அந்த விதி கேக்காது.

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேணும். பெருக்கிப் பாருங்க, ஏறக்குறைய 135 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறையே 120 சதுர அடிதான்! மனுசன் படுக்கிற இடத்தைவிட கார் தூங்குற இடம் பெருசு. வண்டி வந்து திரும்ப வழி வேற விடணும். தரையில இடம் பத்தலைன்னா பூமியைத் தோண்டணும், செலவு இன்னும் ஏறும். அதைக் கட்டுறவர் வீட்டு விலையில வைப்பார். வீடு வாங்கினவர் வாடகையில வைப்பார். கடைசியில மெட்ரோவுல நின்னுக்கிட்டுப் போற பையன் அடுத்தவர் காருக்கும் சேர்த்து வாடகை கட்டுறான்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி நாட்டுல நூறு குடும்பத்துல சுமார் எட்டுக் குடும்பத்துகிட்டதான் கார் இருக்கு. எட்டுப் பேர் வசதிக்கு நூறு பேரும் மொய் எழுதணுமா?

கோடி கோடியா மக்கள் பணத்தைப் போட்டு மெட்ரோ கட்டுறோம். அதே ஸ்டேஷன் வாசல்ல கார் இடத்தைக் கட்டாயமாக்கினா என்ன நியாயம்? 2017-ல் மத்திய அரசு வெளியிட்ட போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கையே, ஸ்டேஷனைச் சுத்தி 500 முதல் 800 மீட்டர் வரைக்கும் பார்க்கிங்கைக் குறைக்கணும்னு சொல்லுது. மெக்சிகோ சிட்டி 2017-லேயே இந்தக் கட்டாயத்தை எடுத்துட்டாங்க. வீட்டுக்கு வீடு கார் நிக்கிற கலிபோர்னியாவே, முக்கியமான ரயில், பஸ் நிறுத்தங்கள்ல இருந்து அரை மைலுக்குள்ள கட்டாயம் கூடாதுன்னு 2022-ல் சட்டம் போட்டுச்சு.

"அப்ப எல்லாரும் ரோட்டுல நிறுத்துவாங்களே?"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. ஜப்பான்ல 1962 சட்டப்படி, நிறுத்த இடம் இருக்குன்னு காட்டினாத்தான் கார் பதிவு பண்ண முடியும். அங்க கார் வாங்குறவர் இடத்தைத் தேடணும். இங்க கார் இல்லாதவர் தலையில அந்தச் சுமையை ஏத்துறோம்.

இது சென்னைக் கதைதானேன்னு விட்டுறாதீங்க. 1928-ல் போடிக்கு வந்த ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில நின்னு, 2023 ஜூன் 15-ல்தான் திரும்பி வந்துச்சு. நாளைக்கு அந்த ஸ்டேஷனைச் சுத்தியும் கட்டடம் எழும்பும். அங்கேயும் இதே விதிதான்.

நாம கேக்குறது மூணு.

ஒண்ணு: மெட்ரோ, ரயில் நிலையம், பெரிய பேருந்து முனையத்துல இருந்து 800 மீட்டருக்குள்ள கார் இடக் கட்டாயத்தை நீக்கணும். மாற்றுத்திறனாளிகள் வண்டிக்கும், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கும் உள்ள இடத்துல கை வைக்கக் கூடாது.

ரெண்டு: மிச்சமாகுற லாபத்தைக் கட்டுறவரே முழுங்கிடக் கூடாது. அங்க ஒரு பங்கு, சம்பளக்காரங்க வாங்கக்கூடிய சின்ன வீடா இருக்கணும்.

மூணு: விமான நிலையத்துல இருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோவை நீட்டிக்கிற திட்டம் இருக்கு. ரயில் வர்றதுக்கு முன்னாடியே அங்க இந்த விதியை மாத்தணும். கட்டடம் எழும்பின பிறகு இடிச்சா மாத்த முடியும்?

கார் வாங்குறதை நாம குறை சொல்லல. வாங்குறவர் அதுக்கு இடத்தையும் பாத்துக்கட்டும். நம்ம பிள்ளை கட்டுற வாடகை, அவன் தலை சாய்க்கிற இடத்துக்கு மட்டும் இருக்கட்டும்.



(சென்னையில வாடகைக்கு இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பகிருங்க.)