மண்டையோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சம்மட்டி



ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ‘ஹவ்ஃப்’ என்றொரு பழைய இடுகாடு இருக்கிறது. பிரான்சிஸ்கன் துறவியருக்குச் சொந்தமாயிருந்த அந்த நிலத்தை 1564இல் அரசி மேரி நகரத்தாருக்குப் புதைநிலமாக வழங்கினார். ஸ்காட் மொழியில் ‘ஹவ்ஃப்’ என்றால் கூடுமிடம். ரொட்டி சுடுவோர், செருப்புத் தைப்போர், கையுறை செய்வோர், தையற்காரர், குல்லாய் செய்வோர், கசாப்புக்காரர், கொல்லர் முதலானோர் அடங்கிய சம்மட்டிக்காரர், நெசவாளர், சாயக்காரர் ஆகிய ஒன்பது தொழிற்கூட்டத்தாரும் இந்தக் கல்லறைகளுக்கு நடுவேதான் கூடிப் பேசினார்கள். தகப்பனும் பாட்டனும் படுத்திருக்கும் மண்ணில் நின்று தொழில் விவகாரம் பேசியவர்கள், அந்தக் கற்களில் தங்கள் கருவிகளைச் செதுக்கி வைத்ததில் வியப்பில்லை.

17, 18ஆம் நூற்றாண்டுக் கற்களில் மண்டையோடு, குறுக்கிட்ட எலும்புகள், மணற்கடிகாரம், ஆன்மாவைக் குறிக்கும் சிறகு முளைத்த முகம் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. இவை யாருக்கும் பொது. நெசவாளியின் நாடாவும் தையற்காரரின் கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும் அப்படியல்ல. பல கற்களில் பெயர்கூட முழுதாக இராது. கணவன், மனைவி இருவரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். மனைவியின் எழுத்துகள் பெரும்பாலும் அவள் பிறந்த வீட்டுப் பெயருக்குரியவை. அங்கே படுத்திருப்பவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அந்தக் கருவிதான் சொல்கிறது. அதனால்தான் மண்டையோட்டைவிடக் கருவியை நாம் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும் என்கிறேன்.

அந்தப் படிப்பில் அவசரம் கூடாது. கிரீடம் சூடிய சம்மட்டியைக் கண்டதும் ‘இவர் கொல்லர்’ என்று எழுதிவிடுகிறோம். அது சம்மட்டிக்காரர் கூட்டத்தின் சின்னம். எடின்பரோவில் அதே கூட்டத்தில் கத்தி செய்வோரும் சேணம் தைப்போரும் இருந்தார்கள். ஆகவே அந்தச் சின்னம் அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை உறுதியாகச் சொல்லும். அவர் கை எதைச் செய்தது என்பதை வேறு சான்று கொண்டுதான் நிறுவ வேண்டும்.

இன்னொன்று. மாவு அரைப்பவரின் கல்லில், நடுவில் துளையிட்டு இருபுறமும் கைகள் நீண்ட ஓர் உருவம் இருக்கும். திரிகையின் மேற்கல்லைத் தாங்கிச் சுழற்றும் இரும்புத் துண்டு அது. ஆலைக்குள் கால் வைத்தறியாதவர் அதை ஏதோ குலச்சின்னம் என்று எண்ணிக் கடந்துபோவார். திரிகை ஓட்டியவரிடம் காட்டினால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். நம் ஆய்வுக்கு நூலகம் போலவே பட்டறையும் வேண்டும். பெட்டி வில்ஷர் போன்றவர்கள் ஊர் ஊராகச் சென்று கற்களைப் பதிவுசெய்த உழைப்பை இந்த அவையில் நன்றியோடு நினைக்கிறேன்.

இந்தக் கற்களில் மிகுதியும் மணற்பாறை. மழையும் உறைபனியும் ஏறி ஏறி, ஏடு ஏடாக உரிகிறது. களத்துக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல்லில் பாசி படிந்திருந்தாலும் கம்பித் தூரிகை கொண்டு தேய்க்காதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போய் நில்லுங்கள். வெயிலில்லாத நாளென்றால் பக்கவாட்டில் ஒரு விளக்கைப் பிடியுங்கள். நண்பகலில் வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் நாடாவின் இரு முனைகளும் நிழல் விழுந்து எழும்பி வரும். அப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.