புல்வெளியும் பொதுப்பணமும்
(கோல்ஃப் சுற்றுலாவுக்கு அரசு அளிக்கும் உதவி குறித்து அல் கூஸ் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



அல் கூஸ் என்றதும் நினைவுக்கு வருவன கிடங்குகளும் பட்டறைகளும் தொழிலாளர் முகாம்களுமே. விடியுமுன் பேருந்தேறி இருட்டியபின் திரும்பும் தமிழர் பலருக்கு இதுவே முகவரி. இங்கிருந்து ஷேக் சயீத் சாலை வழியே தென்மேற்காகச் சென்றால் எமிரேட்ஸ் கோல்ஃப் மன்றம் வரும். 1988இல் திறக்கப்பட்ட அத்திடலே மத்திய கிழக்கின் முதல் முழுப் புல்வெளிப் போட்டித் திடல். மறு ஆண்டே துபாய் டெசர்ட் கிளாசிக் போட்டி அங்குத் தொடங்கியது.

பாலைமணலில் புல் தானாக முளைப்பதில்லை. நிலமும் நீரும் முதலும் வேண்டும். துபாயில் அவற்றுக்கு முன்னின்றது ஆட்சியே. எண்ணெய் வளம் நிலையானதன்று என்று உணர்ந்த அந்நகரம், குளிர்காலப் பயணிகளை ஈர்க்கக் கோல்ஃபை ஒரு வழியாகக் கண்டது. 2004இல் டைகர் வுட்ஸ் புர்ஜ் அல் அரபின் ஹெலிகாப்டர் தளத்திலிருந்து பந்தடித்த காட்சி உலகெங்கும் பரவியது. அதே வுட்ஸின் பெயரில் 2006இல் அறிவிக்கப்பட்ட திடலோ, 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்குப்பின் நிறைவேறாமலே போயிற்று. விளம்பரம் வென்ற இடத்திலேயே முதலீடு தோற்கவும் கூடும் என்பதற்கு இது சான்று.

இந்தியாவிலும் இவ்வழி பின்பற்றப்பட்டது. மத்தியச் சுற்றுலா அமைச்சகம் கோல்ஃபைத் தனிச்சிறப்புச் சுற்றுலாப் பிரிவுகளுள் ஒன்றாக ஏற்று, இந்திய கோல்ஃப் சுற்றுலாக் குழுவை அமைத்தது. போட்டிகளுக்கும் விளம்பரத்துக்கும் உதவி வழங்க நெறிமுறைகளையும் வகுத்தது. இத்தகைய உதவியை ஆதரிப்போர் கூறுவது இதுவே: கோல்ஃப் பயணி நீண்ட நாள் தங்குகிறார், மிகுதியாகச் செலவிடுகிறார், அச்செலவு விடுதி ஊழியருக்கும் வாகன ஓட்டுநருக்கும் ஊதியமாகிறது. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

எனினும், வினாக்கள் மூன்று எஞ்சுகின்றன. ஆதாயம் பெறும் விடுதிகளும் பயண முகவர்களும் தம் விளம்பரச் செலவில் எவ்வளவு பங்கை ஏற்கின்றனர்? அரசு உதவி இல்லாவிடினும் வந்திருக்கக்கூடிய பயணிகளைக் கழித்துவிட்டுப் பயன் கணக்கிடப்படுகிறதா? அக்கணக்கு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறதா?

இவ்வினாக்கள் செல்வந்தருக்கு மட்டும் உரியவை அல்ல. 2018 சனவரி முதல் அமீரகத்தில் 5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி நடைமுறையில் உள்ளது. அல் கூஸ் மளிகைக்கடையில் அரிசி வாங்கும் தொழிலாளியும் அதனைச் செலுத்துகிறார். ஊரில் அவர் குடும்பம் வாங்கும் சோப்புக்கும் வரி உண்டு. பொதுப்பணம் என்பது இவர்களுடைய பணமும் ஆகும்.

இளைஞர்களே! கேட்பதற்கு வழி இருக்கிறது. இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் வாழ்ந்தாலும், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மத்திய அமைச்சகங்களிடம் இணையவழியே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். ஒரு தொழிற்சங்கம் அச்சட்டத்தின் கீழ் வர வேண்டுமாயின், அது அரசு நிதியைக் கணிசமாகப் பெற்றிருக்க வேண்டும். ஆகவே சங்கத்தைக் கேட்பதினும் பணம் கொடுத்த அமைச்சகத்தைக் கேட்பதே எளிது. எந்த ஆண்டு, எவ்வளவு, எதற்கு, செலவுக் கணக்கு எங்கே என்ற நான்கு வரிகள் போதும். இலங்கையிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் குடிமக்களுக்கு இவ்வுரிமையை வழங்கியுள்ளது.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்பிக்கும் நீங்கள், அத்தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதவும் கற்பியுங்கள். புல்வெளியைப் பழிப்பது நோக்கமன்று. அதனை வெட்டிச் செப்பனிடும் கைகளுக்கும் அதன் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டென்பதை அடுத்த தலைமுறை மறவாதிருக்க வேண்டும்.