கடன் வைத்துவிட்டுப் போனவரின் வீடும் கோர்ட் தடையும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்து, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிளைகளில் வங்கி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் சட்டமெல்லாம் எங்கள் வீட்டுக் கதையால் தெரிந்துகொண்டது.

என் அத்தான் இறந்து ஏழு மாதம் ஆனபோது, திண்டிவனத்தில் அவர் பெயரில் இருந்த வீட்டை விற்க அக்கா மகன் அட்வான்ஸ் வாங்கினான். அடுத்த வாரமே கோர்ட் நோட்டீஸ் வந்தது. அத்தான் புரோநோட்டு எழுதி ஐந்து லட்சம் வாங்கியிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கடன் கொடுத்தவர் வாரிசுகள் மீது வழக்குப் போட்டு, வீட்டை விற்கக் கூடாது என்று தடையும் கேட்டிருந்தார். அக்கா போனில், "தம்பி, என் நகையையும் எடுத்துக்குவாங்களாடா?" என்று அழுதார்.

எடுக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, பிரிவு 52-இன்படி, இறந்தவரின் கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்துதான் பொறுப்பு. வாரிசின் சொந்தச் சம்பாத்தியம் பொறுப்பல்ல. ஆனால் ஒரு கொக்கி உண்டு. அந்தச் சொத்தை விற்றுவிட்டு, பணம் எங்கே போனது என்று கணக்குக் காட்ட முடியாவிட்டால், அந்த அளவுக்கு வாரிசே பொறுப்பாவார். அதனால் ஈமச் செலவு முதல் பைசல் செய்த கடன் வரை ரசீது வையுங்கள்.

தடைக்கு இரண்டு வழி. கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தில் சொத்தை விற்கப் பார்க்கிறார் என்று காட்டினால் கட்டளை 39-இல் இடைக்காலத் தடை. கட்டளை 38, விதி 5-இல் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி. இரண்டும் கேட்டவுடன் கிடைப்பதில்லை. ராமன் டெக் எதிர் சோலங்கி டிரேடர்ஸ் வழக்கில், 2007-இல் வெளியான தீர்ப்பில், அடமானம் இல்லாத கடனை அடமானக் கடன்போல ஆக்க ஜப்தியைப் பயன்படுத்தக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். சொத்தை விற்கிறார் என்பது மட்டும் போதாது. தீர்ப்பைப் பயனற்றதாக்கும் நோக்கம் தெரிய வேண்டும்.

எங்கள் பக்கம் என்ன செய்தோம்? அத்தானின் பாஸ்புக்கைத் தேடி எடுத்தோம். ஒன்றரை லட்சம் திருப்பிக் கொடுத்தது அதில் இருந்தது. மீதிக்கு ஈடாக வைப்புத் தொகை ரசீதைக் கோர்ட்டில் கொடுக்க முன்வந்தோம். போதுமான பிணை கொடுத்தால் ஜப்தி தேவையில்லை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கடைசியில் இரு தரப்பும் பேசி முடித்தார்கள். வீடும் விற்றது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

ஒன்று, வழக்கு வரும் என்று தெரிந்தால் பிரிவு 148-ஏ-யில் கேவியட் மனு போடுங்கள். 90 நாள் செல்லும். உங்களுக்குத் தெரிவிக்காமல் தடை கொடுக்க மாட்டார்கள்.

இரண்டு, தடை வந்த பிறகு அதை மீறி விற்காதீர்கள். சொத்து ஜப்தியோடு மூன்று மாதம் வரை சிவில் சிறையும் உண்டு.

மூன்று, புரோநோட்டுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு கெடு. துக்க வீட்டில் யாராவது நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதினால் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும்.

நான்கு, இறந்தவரின் வீட்டையோ பிளாட்டையோ வாங்குபவர்கள் வில்லங்கச் சான்று ஒன்றையே நம்ப வேண்டாம். எல்லாத் தடை உத்தரவும் அதில் ஏறும் என்று சொல்ல முடியாது. வாரிசுகளிடம் கடன், வழக்கு பற்றி எழுதி வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. இத்தனை வருடம் ஊராருக்கு லெட்ஜர் எழுதிய நான், நண்பர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதை என் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அக்கா வீட்டிலிருந்து திரும்பிய அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். திட்டு விழுந்தது; ஆனால் நோட்டில் எழுதி வைத்தாயிற்று. நீங்களும் வாங்கியது, கொடுத்தது, ஜாமீன் போட்டது மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் காட்டுங்கள். வழக்கு என்று வந்தால் நல்ல வக்கீலைப் பாருங்கள்.