வைத்தியப் படிப்பும் கடல் கடந்த தரகும்
(தொரப்பள்ளிக் கூட்டத்தில் பேசியது)



இது தோழர் ராஜகோபாலாச்சாரியார் 1878-ல் பிறந்த ஊர். அவர் முதல் மந்திரியாயிருந்து 1953-ல் கொண்டுவந்த திட்டப்படி, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி பாதி வேளை. மீதி வேளை தகப்பன் தொழில். மறு வருஷமே அது ஒழிந்தது. ஒழியாதிருந்தால் இவ்வூர்க் குடியானவன் பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைக்க ஆசைப்பட்டிருப்பானா? ஆகவே உங்கள் ஆசையை நான் குறைகூற வரவில்லை. அந்த ஆசையை வைத்துப் பிழைக்கிறவனைப் பற்றிப் பேசவே வந்தேன்.

முன்பு கடல் தாண்டினால் சாதி போகுமென்று சாஸ்திரம் மிரட்டிற்று. ஆனந்திபாய் ஜோஷி என்ற பார்ப்பன வீட்டுப் பெண் 1883-ல் அமெரிக்கா போய் 1886-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். கடலொன்றும் வற்றிவிடவில்லை. இன்று கடல் தாண்டலாம். ஆனால் தாண்டிவிட ஏஜெண்டு வேண்டுமாம்! கடவுளுக்கும் உங்களுக்கும் நடுவே புரோகிதன் நிற்பதுபோல், காலேஜுக்கும் உங்களுக்கும் நடுவே இவன் நிற்கிறான். நீங்கள் கேள்வி கேட்காமலிருப்பதே இருவருக்கும் முதல்.

"நீட் வேண்டியதில்லை" என்கிறான். சுத்தப் பொய். நீட் நம் பிள்ளைகள் தலையில் ஏற்றிய அநியாயச் சுமை என்பதே நம் அபிப்பிராயம். அந்தப் போராட்டம் தனியே நடக்கட்டும். ஆனால் 2018 முதல் வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே வைத்தியம் பார்க்க விரும்புகிறவனும் அதில் தேறியிருக்க வேண்டும்.

2021 நவம்பரில் வந்த விதியைக் கேளுங்கள். படிப்பு 54 மாதத்துக்குக் குறையக்கூடாது, ஆங்கிலத்தில் நடக்கவேண்டும், அதே காலேஜில் 12 மாதம் பயிற்சி இருக்கவேண்டும், அந்நாட்டுப் பிரஜைக்குக் கிடைக்கும் வைத்திய லைசென்சு உங்கள் பிள்ளைக்கும் அங்கே கிடைக்கவேண்டும். திரும்பிவந்தால் இங்கே ஒரு பரீட்சை, 300-க்கு 150 வாங்கவேண்டும். சமீப வருஷங்களில் அதில் தேறுகிறவர்களைவிடத் தவறுகிறவர்களே அதிகம். பிறகு இங்கும் 12 மாதம் பயிற்சி. இதில் எதையாவது ஏஜெண்டு உங்களிடம் சொன்னானா?

2022 பிப்ரவரியில் உக்ரேனில் யுத்தம் மூண்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பாதிப் படிப்பில் ஓடிவந்தார்கள். இங்குள்ள காலேஜுகளில் சேர்க்க விதியில்லையென்று மத்திய சர்க்கார் கைவிரித்தது.

தோழர்களே! கால் காணி வாங்கினாலும் வில்லங்கம் பார்க்கிறீர்கள். ஓசூர்ப் பக்கம் ஃபாக்டரிகள் வந்து விலையேறிய நிலத்தை விற்றுப் பிள்ளையை அனுப்பும்போதோ நட்சத்திரமும் ராகு காலமும் சூலமும் பார்க்கிறீர்கள். காலேஜுக்கு வில்லங்கம் பார்ப்பதில்லை! அதுவும் மகனுக்குத்தான். மகள் அவனைவிட மார்க் வாங்கியிருந்தாலும் அவளுக்காக ஒரு குழி நிலம் விற்க மனம் வருவதில்லை.

கிருஷ்ணகிரியிலேயே 2022 முதல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவிகித இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலில் அதை விசாரியுங்கள்.

ஏஜெண்டு கொடுத்த காகிதம் யாரிடமாவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் எடுத்து வாருங்கள். விதியின் நகல் என்னிடமிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்துவிடுவோம்.